சின்னம்மை வந்தா மறைக்காம சொல்லுங்க: சுங்கை சிப்புட் பள்ளி, கோயில், தாஸ்கா நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத்து தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர்மார்களுக்கும், கோயில் நிர்வாகத்துல இருக்கிற அண்ணன்மார்களுக்கும், தாஸ்காவும் (குழந்தைங்கள பகல்ல பார்த்துக்கிற இடம்) பாலர் பள்ளியும் நடத்துற அக்கா தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

சுத்தி வளைக்காம விஷயத்த முதல்லயே சொல்லிடுறேன். நம்ம ஊர்ல ஒரு பிள்ளைக்கு சின்னம்மை போட்டுச்சுன்னா அந்த சேதி அதே நாள்ல அந்த பிள்ளையோட வகுப்புல இருக்கிற எல்லா வீட்டுக்கும் போகணும், டீச்சருங்களுக்கு போகணும், அந்த வாரம் கோயில் மண்டபத்துல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவங்களுக்கும் போகணும். பிள்ளை பேரு வேணாம், வீட்டு நம்பர் வேணாம், போட்டிருக்கு, இந்த தேதியில கொப்புளம் தெரிஞ்சது, அவ்வளவு போதும். இத செய்ய முடிஞ்ச ஆளுங்க நீங்கதான். வேற யாரும் வந்து செய்ய மாட்டாங்க, அது ஏன்னுதான் இந்த மடல் முழுக்க எழுதப்போறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் டாக்டர் இல்ல. ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுன அம்மாவுக்கு லயன் வீட்டுல (தொழிலாளிங்க வரிசை வீடு) பொறந்து, அம்மாங்க வேலைக்கு போறப்போ பிள்ளைங்கள பார்த்துக்கிற ஆயாக்கொட்டகையில வளந்து, பிறகு அரசாங்க கிளினிக்ல மிஸ்ஸியா, அதாவது நர்ஸா, வேலை செஞ்சு ரிட்டாயர் ஆனவ. காய்ச்சலோட உடம்பெல்லாம் பொறிப்பொறியா போட்ட பிள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வர்ற அம்மாங்கள வாழ்நாள் பூரா பார்த்திருக்கேன். அவங்க கேக்குற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், மிஸ்ஸி இது என்ன அம்மை? ரொம்ப சரியான கேள்வி அது. ஏன்னா பார்க்க எல்லாம் ஒரே மாதிரி காய்ச்சலும் பொறியுமா தெரிஞ்சாலும் ஒவ்வொண்ணும் வேற வேற வைரஸ், பரவுற விதம் வேற, ஆபத்து வர்ற நாள் வேற, யாருக்கு ஆபத்துங்கறதும் வேற.

மலேசியாவுல 1988ல கொண்டு வந்த தொற்றுநோய் தடுப்பு சட்டம் இருக்கு, சட்டம் 342ன்னு சொல்வாங்க. அதுல ஒரு பட்டியல் இருக்கு, அந்த பட்டியல்ல இருக்கிற நோய டாக்டர் பார்த்தார்னா சுகாதார இலாகாவுக்கு கட்டாயம் தெரிவிக்கணும். டிங்கி அதுல இருக்கு, தட்டம்மை இருக்கு, கை கால் வாய் நோய் இருக்கு. அதனாலதான் டிங்கி கேஸ் ஒண்ணு வந்தா தாமான்ல, அதாவது வீடமைப்புப் பகுதியில, புகை அடிக்க வர்றாங்க, பூச்சட்டிக்கு அடியில தண்ணி நிக்குதான்னு டார்ச் அடிச்சு பார்க்கிறாங்க. கை கால் வாய் நோய் பரவுச்சுன்னா தாஸ்காவ சில நாள் மூடச் சொல்றாங்க. தட்டம்மைன்னா வீடு தேடி வந்து யார் யார் கூட இருந்தாங்க, யாருக்கு ஊசி போடலன்னு கேட்டு எழுதிட்டு போறாங்க. சின்னம்மை அந்த கட்டாய பட்டியல்ல இல்ல. டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதி, மருந்து கொடுத்து, வீட்டுல இருக்கச் சொல்லி அனுப்பிடுவார், அதோட முடிஞ்சுது. யாரும் உங்க வகுப்புக்கு வர மாட்டாங்க, யாரும் உங்க கோயில் மண்டபத்துல வந்து விசாரிக்க மாட்டாங்க. தடுப்பூசியும் அப்படித்தான், தட்டம்மைக்கு 9 மாசத்துலயும் 12 மாசத்துலயும் கிளினிக்ல இலவசமா போடுறாங்க, சின்னம்மை ஊசி அரசாங்கத்து இலவச அட்டவணையில இல்ல, காசு கொடுத்து பிரைவேட் கிளினிக்லதான் போடணும். ஆக இந்த நோய் முழுசா நம்ம கையில விடப்பட்டிருக்கு.

முன்னாடி நம்ம கையில ஒரு ஏற்பாடு இருந்துச்சு. லயன்ல ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகியிருந்தா அந்த வரிசை மொத்தத்துக்கும் சேதி போயிடும். யாரும் உள்ள போக மாட்டாங்க, புள்ளத்தாச்சி பொண்ணு அந்த பக்கமே நடக்க மாட்டா, அந்த வீட்டுக்காரங்க விசேஷத்துக்கு போக மாட்டாங்க, ஆயாக்கொட்டகைக்கு பிள்ளைய அனுப்ப மாட்டாங்க, தலைக்கு தண்ணி ஊத்துற வரைக்கும் இதுதான் நடைமுறை. நான் மருத்துவம் படிச்சவங்களோட வேலை செஞ்சவதான், ஆனாலும் சொல்றேன், அந்த வேப்பிலைக்கு நான் இன்னைக்கும் கையெடுத்து கும்பிடுவேன், ஏன்னா எழுத படிக்க தெரியாத ஆளுக்கும் புரியற மாதிரி தொற்று அறிவிப்ப அது செஞ்சுச்சு. தோட்டத்த வித்து, செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டு, நம்ம ஆளுங்க தாமானுக்கும் ஃபிளாட்டுக்கும் மாறி வந்தப்போ அந்த அறிவிப்பு மட்டும் கூட வரல. இப்போ கிரில் கேட் சாத்தியிருக்கு, பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னே தெரியல. வேப்பிலை உள்ள கட்டில்ல விரிச்சிருக்கும், வெளிய யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு காய்ச்சல்னு மட்டும் சொல்லிடுறாங்க. வெக்கமா, அம்மன் விஷயத்த வெளிய பேசக்கூடாதுங்கற பயமா, இல்ல மத்த பிள்ளைங்களோட அம்மாங்க சண்டைக்கு வருவாங்கன்னா, எதுவா இருந்தாலும் நான் அவங்கள குறை சொல்லல.

ஆனா சின்னம்மையோட குணம் என்னன்னா கொப்புளம் வெளிய தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அது பரவ ஆரம்பிச்சிடும். அதாவது நீங்க வேப்பிலை பறிக்க போறதுக்கு முன்னயே, பிள்ளை லேசா சோர்வா இருக்குன்னு நினைச்சு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின அந்த ரெண்டு நாள்லயே கூட உக்காந்த பிள்ளைங்களுக்கு போயிருக்கும். காத்துல போகும், கொப்புளத்து நீர் பட்டாலும் போகும். சின்னம்மை இதுவரைக்கும் வராத, ஊசியும் போடாத பத்து பேர் ஒரே வீட்டுல இருந்தா சுமாரா ஒன்பது பேருக்கு வரும். அதனால பிள்ளைய வீட்டுல வெச்சிக்கிறது மட்டும் பத்தாது, வெச்சிக்கிறது கட்டாயம்தான், எல்லா கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் வெச்சிக்கணும், ஆனா முந்தின ரெண்டு நாள் கூட இருந்தவங்களுக்கு ஒரே பாதுகாப்பு சேதி மட்டும்தான்.

இன்னொண்ணு இந்த நோய் உடம்புக்குள்ள அமைதியா இருக்கிற காலம். 10 நாள்லேருந்து 21 நாள் வரைக்கும் ஆகும், பெரும்பாலும் ரெண்டு வாரம். ஃப்ளூன்னா 1லேருந்து 4 நாள்ல தெரிஞ்சிடும், கை கால் வாய் நோய் 3லேருந்து 6 நாள்ல தெரிஞ்சிடும். அதனால சின்னம்மையில என்ன ஆகுதுன்னா, ஒரு பிள்ளைக்கு வந்துச்சு, ஒரு வாரம் ஆச்சு, யாருக்கும் ஒண்ணும் இல்ல, அப்பாடா தப்பிச்சோம்னு எல்லாரும் மறந்துடுறாங்க, பிறகு மூணாவது வாரத்துல பள்ளி விளையாட்டுப் போட்டி நேரத்துல ஏழெட்டு பிள்ளைங்களுக்கு ஒரே நேரத்துல போடுது. திடீர்னு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க. முதல் பிள்ளையோட தேதிய எழுதி வெச்சிருந்தா யாரும் அப்படி கேட்டிருக்க மாட்டாங்க.

இப்போ தட்டம்மைய எடுத்துக்குங்க, நம்ம ஊர்ல இதையும் சின்னம்மையையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுதான் எனக்கு ரொம்ப பயம். தட்டம்மையில நீர்க்கொப்புளம் வராது. மூணு நாலு நாள் நல்ல காய்ச்சல், இருமல், மூக்குல தண்ணி, கண்ணு ரத்தச் சிவப்பு, வாய்க்குள்ள கன்னத்து பக்கம் உப்பு தூவின மாதிரி சின்ன வெள்ளைப் புள்ளி, அதுக்கு பிறகு நெத்தி, காது பின்னாடி ஆரம்பிச்சு மேலேருந்து கீழ சிவப்பா தட்டையா பரவும். சின்னம்மையில நெஞ்சு, முதுகு, வயிறுன்னு நடு உடம்புல அதிகமா வரும், ஒரே நேரத்துல ஒரு இடத்துல புதுசா சிவப்பு புள்ளி, பக்கத்துலயே நீர் கோத்த கொப்புளம், அதுக்கு பக்கத்துல காஞ்ச பொருக்கு, எல்லாம் கலந்து இருக்கும், அரிப்பு தாங்காது. பரவறதுல தட்டம்மை இன்னும் மோசம். யாருக்குமே எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்துல ஒரு சின்னம்மை ஆள்கிட்டேருந்து சுமாரா 10லேருந்து 12 பேருக்கு போகும்னு கணக்கு, தட்டம்மைக்கு 12லேருந்து 18 சொல்றாங்க, கோவிட் ஆரம்பத்துல வந்தப்போ 2லேருந்து 3தான். தட்டம்மைக்காரர் ரூம விட்டு போய் ரெண்டு மணி நேரம் வரைக்கும் கூட வைரஸ் காத்துல நிக்கும்.

அதோட தட்டம்மை பிள்ளையோட எதிர்ப்பு சக்தியையே அரிச்சிடும், ஏற்கனவே மத்த நோய்க்கு எதிரா உடம்பு சேர்த்து வெச்சிருந்த ஞாபகத்த அழிச்சிடும், அதனால அம்மை இறங்கின பிறகும் பல மாசத்துக்கு நிமோனியா, வயித்துப்போக்குன்னு மாத்தி மாத்தி வரும். உலக சுகாதார நிறுவனத்து கணக்குப்படி 2023ல மட்டும் தட்டம்மையால சுமார் 107,500 பேர் செத்துருக்காங்க, பெரும்பாலும் அஞ்சு வயசுக்கு கீழ. ஆகையினால காய்ச்சல், இருமல், கண்ணு சிவப்பு, பொறி, இது நாலும் சேர்ந்திருந்தா வேப்பிலை விரிச்சு மூணா நாள் தண்ணி ஊத்தலாம்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே கிளினிக்குக்கு போங்க, போறதுக்கு முன்ன போன் அடிச்சு சொல்லிட்டு போங்க, அப்பதான் மத்த பிள்ளைங்க கூட உக்கார வைக்காம தனியா பார்ப்பாங்க.

ரூபெல்லாவும் பொறி போடுற நோய்தான், பிள்ளைக்கு அது ரொம்ப லேசு, வந்ததே தெரியாம போயிடும். ஆனா கர்ப்பத்தோட முதல் 12 வாரத்துல அம்மாவுக்கு வந்தா வயித்து பிள்ளையோட கண்ணு, காது, இருதயம் எல்லாத்தையும் கெடுத்துடும். 1941ல ஆஸ்திரேலியாவுல நார்மன் கிரெக்னு ஒரு கண் டாக்டர் பிறவியிலயே கண்ணுல புரை விழுந்த குழந்தைங்க வரிசையா வர்றத பார்த்து, அந்த அம்மாங்கள விசாரிச்சுதான் இத கண்டுபிடிச்சார். தட்டம்மைக்கு போடுற அதே எம்எம்ஆர் ஊசியிலயே இதுக்கும் பாதுகாப்பு இருக்கு.

பெரியவங்க சில பேர் இன்னும் சின்னம்மையையும் பெரியம்மையையும் அண்ணன் தம்பி மாதிரி நினைக்கிறாங்க. இல்லங்க, குடும்பமே வேற. பெரியம்மை வந்தவங்கள்ல பத்துக்கு மூணு பேர் செத்துப் போவாங்க, அந்த பயத்துலதான் நம்ம முன்னோருங்க அவ்வளவு கட்டுப்பாடு வெச்சாங்க. அதுல கொப்புளம் எல்லாம் ஒரே பருவத்துல இருக்கும், முகத்துலயும் கை காலுலயும்தான் அதிகம், உள்ளங்கை உள்ளங்காலுக்கும் வரும். தானா பரவுன கடைசி கேஸ் 1977ல சோமாலியாவுல, 1980ல உலகத்துலேருந்தே ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க. சின்னம்மை ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். ரெண்டும் வேறன்னு 1767லயே இங்கிலாந்துல ஹெபர்டென்னு ஒரு டாக்டர் தெளிவா எழுதி வெச்சுட்டார். ஒரு சின்ன விஷயம், கையில தழும்பு இருக்கு அதனால எனக்கு அம்மை வராதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, இப்போ இருக்கிற முக்காவாசி பேருக்கு அந்த தழும்பு காசநோய் ஊசி போட்டதுல வந்தது, சின்னம்மைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

தாஸ்கா நடத்துற தங்கச்சிங்களுக்கு கை கால் வாய் நோய் பத்தி நான் சொல்லித்தர வேண்டியது அதிகம் இல்ல, உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள்ள புண்ணு, பிட்டத்துல பொறி, சாப்பிட மாட்டேன்னு எச்சில் ஒழுக அழும், அரிப்பு பெருசா இருக்காது. ஒண்ணே ஒண்ணு மட்டும், அந்த வைரஸ் மலத்துல வாரக்கணக்குல வந்துக்கிட்டிருக்கும், சானிடைசர் அதுக்கு சரியா வேலை செய்யாது, பாம்பர்ஸ் மாத்தின கைய சோப்பு போட்டு ஓடுற தண்ணியிலதான் கழுவணும். 1997ல சரவாக்ல இந்த நோய் என்டரோவைரஸ் 71ங்கற வகையால வந்து பிள்ளைங்க உயிரையே எடுத்துச்சு, அதுக்கு பிறகுதான் நாடே முழிச்சுக்கிச்சு.

டிங்கி ஆளுக்கு ஆள் ஒட்டாது, கொசு வழியாத்தான். ஆனா அதோட ஆபத்து நேரம் தலைகீழ். சின்னம்மையில காய்ச்சல் விட்டா நிம்மதி. டிங்கியில காய்ச்சல் விடுற அந்த மூணாவது நாள்லேருந்து ஏழாவது நாள் வரைக்கும்தான் உசுருக்கு ஆபத்தான நேரம், வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம்னு இருந்தா ராத்திரி மணி எத்தனைன்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சின்னம்மை ஒரு தடவை வந்தா பெரும்பாலும் திரும்ப வராது. டிங்கியில நாலு வகை இருக்கு, ரெண்டாவது தடவை வேற வகை வந்தா முதல் தடவையை விட மோசமா போகக்கூடும். அதனால எனக்கு போன வருஷமே வந்துடுச்சுன்னு தைரியமா இருக்க முடியாது.

இவ்வளவும் ஏன் பிரிச்சு பிரிச்சு எழுதுறேன்னா நம்ம பேராவுக்கு இது புதுசு இல்ல. 1998ல ஈப்போ பக்கத்து பன்றிப் பண்ணைங்கள்ல ஆளுங்க மூளைக்காய்ச்சல் வந்து விழ ஆரம்பிச்சாங்க. எல்லாரும் அது கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு நினைச்சாங்க. புகை அடிச்சாங்க, அதுக்கான தடுப்பூசி போட்டாங்க, ஊசி போட்டவங்களும் செத்தாங்க. பண்ணை ஆளுங்க பன்றிய ஏத்திட்டு நெகிரி செம்பிலானுக்கு போனப்போ நோயும் கூடவே போச்சு. 1999 மார்ச்சுலதான் மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் இது வேற, யாரும் இதுக்கு முன்ன பார்க்காத வைரஸ்னு கண்டுபிடிச்சார், நெகிரி செம்பிலான்ல இருக்கிற சுங்கை நிப்பா கிராமத்து பேரையே வெச்சு நிப்பான்னு கூப்பிட்டாங்க. மலேசியாவுல 265 பேருக்கு வந்து 105 பேர் செத்தாங்க, பத்து லட்சத்துக்கு மேல பன்றிங்கள அழிச்சாங்க. பழைய நோய்தான்னு முடிவு பண்ணிட்டு இருந்த அந்த மாசங்கள்ல எத்தனை குடும்பம் போச்சு. பெரிய டாக்டருங்களுக்கே இந்த குழப்பம் வந்திருக்குன்னா, வீட்டுல உக்காந்து இது சும்மா அம்மைதான்னு நாமளே முடிவு பண்றது எவ்வளவு ஆபத்துன்னு நினைச்சு பாருங்க. குரங்கம்மையும் இப்போ உலகத்துல சுத்திக்கிட்டிருக்கு, நெறி கட்டி, கெட்டியான கொப்புளம் வரும், அதையும் கண்ணால பார்த்து நாம முடிவு பண்ண முடியாது.

சின்னம்மை பிள்ளைங்களுக்கு லேசுதானே, இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேப்பீங்க. ஆரோக்கியமான ஆறு வயசு பிள்ளைக்கு பெரும்பாலும் லேசுதான், ஒரு வாரம் பத்து நாள்ல எழுந்து ஓடிடும். நான் பயப்படுறது அந்த பிள்ளைக்காக மட்டும் இல்ல, அந்த பிள்ளைக்கு பக்கத்துல நிக்கிறவங்களுக்காக. ஊசி வராத காலத்துல குளிர் நாட்டுல கிட்டத்தட்ட எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்து போயிடும். நம்ம மாதிரி வெப்ப நாட்டுல நிறைய பேருக்கு வராமலேயே பெரியவங்களா ஆயிடுறாங்க. பெரியவங்களுக்கு வந்தா அது வேற நோய் மாதிரி அடிக்கும், நுரையீரலுக்கு போய் நிமோனியா ஆகும், சாகுற ஆபத்தும் பிள்ளைங்கள விட பல மடங்கு ஜாஸ்தி. செம்பனைத் தோட்டத்துல கொங்சியில (தொழிலாளிங்க ஒண்ணா தங்குற கொட்டகை) பத்து பேர் பன்னெண்டு பேரா தங்கி வேலை செய்யற வெளிநாட்டுத் தம்பிங்கள நினைச்சுக்குங்க, ஒருத்தருக்கு போட்டா என்ன ஆகும்னு.

கர்ப்பிணிங்க விஷயம் இன்னும் மோசம். முதல் 20 வாரத்துல அம்மாவுக்கு சின்னம்மை வந்தா நூத்துல ஒண்ணு ரெண்டு குழந்தைக்கு கை கால் சூம்பி, தோல் தழும்போட, கண்ணு மூளை பாதிச்சு பொறக்குற ஆபத்து இருக்கு. பிரசவத்துக்கு அஞ்சு நாள் முன்னாடியிலேருந்து ரெண்டு நாள் பின்னாடி வரைக்கும் அந்த நேரத்துல அம்மாவுக்கு போட்டுச்சுன்னா, அம்மாகிட்டேருந்து எதிர்ப்பு சக்தி வாங்கிக்க நேரம் இல்லாம பச்சப்புள்ள வைரஸ மட்டும் வாங்கிட்டு பொறக்கும், உடனே வைத்தியம் பார்க்கலன்னா உசுருக்கே ஆபத்து. நம்ம கோயில் மண்டபத்துல ஒரு பக்கம் வளைகாப்பு நடக்குது, இன்னொரு பக்கம் பிள்ளைங்க ஓடி விளையாடுது, இத யோசிச்சுதான் கோயில் பெரியவங்களுக்கும் சேர்த்து எழுதுறேன்.

எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு, பேரு ஊரு வேணாம், பாலர் பள்ளியில உதவி டீச்சரா இருந்தா, ஏழு மாசம். வகுப்புல மூணு பிள்ளைங்க அடுத்தடுத்து லீவு. எல்லாருக்கும் காய்ச்சல்னுதான் சேதி. அவளுக்கு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில சேர்த்த பிறகுதான் அந்த மூணு பேருக்கும் சின்னம்மைன்னு தெரிஞ்சுது. அவளும் பிழைச்சா பிள்ளையும் பிழைச்சுது, ஆனா பல நாள் ஆக்சிஜன் மாட்டிக்கிட்டு படுத்திருந்தத நான் பார்த்தேன். முதல் பிள்ளைக்கு போட்ட அன்னைக்கே அவகிட்ட சொல்லியிருந்தா ரத்தம் எடுத்து எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பார்த்திருப்பாங்க, இல்லன்னா எதிர்ப்பொருள் ஊசியோ மாத்திரையோ டாக்டர் முடிவு பண்ணி கொடுத்திருப்பார். அந்த எதிர்ப்பொருள் ஊசிய நோய்க்காரர் பக்கத்துல இருந்து 10 நாளுக்குள்ள போட்டாதான் பிரயோசனம். கர்ப்பிணி இல்லாத ஆரோக்கியமான பெரியவங்க, பிள்ளைங்களுக்கு, நோய்க்காரர் பக்கத்துல இருந்து 3 நாளுக்குள்ள, அதிகபட்சம் 5 நாளுக்குள்ள சாதாரண சின்னம்மை தடுப்பூசிய போட்டா கூட நோய தடுக்கவோ லேசாக்கவோ முடியும். அதனாலதான் அதே நாள், அதே நாள்னு அடிச்சுக்கிறேன், ஒரு வாரம் கழிச்சு மீட்டிங்ல சொல்ற விஷயம் இல்ல இது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற பிள்ளைங்க, கிட்னி மாத்தினவங்க, ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க, இவங்களுக்கும் கர்ப்பிணிங்க கதைதான்.

மருந்து பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். அம்மைக்கு மருந்து எடுக்கக்கூடாது, எடுத்தா உள்ள தங்கிடும்னு நம்ம வீடுங்கள்ல இன்னும் சொல்றாங்க. தட்டம்மைக்கும் டிங்கிக்கும் கை கால் வாய் நோய்க்கும் அந்த வைரஸையே நேரா அடிக்கிற மாத்திரை வழக்கத்துல இல்ல, உடம்ப தாங்கிப் பிடிக்கிற வைத்தியம்தான். சின்னம்மைக்கு இருக்கு. அசைக்ளோவிர்னு பேரு, அந்த மருந்துக்கு வழி காட்டின ஆராய்ச்சியில முன்ன நின்ன கெர்ட்ரூட் எலியன் அம்மாவுக்கு 1988ல நோபல் பரிசு கிடைச்சது. கொப்புளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லா வேலை செய்யும். பெரியவங்க, பெரிய பிள்ளைங்க, கர்ப்பிணிங்க எல்லாம் முதல் நாளே டாக்டர பார்க்கணும், தண்ணி ஊத்துற நாள் வரைக்கும் காத்திருந்தா அந்த நேரம் போயிடும். வேப்பிலை விரிங்க, மஞ்ச தண்ணி வைங்க, இளநி கொடுங்க, அம்மன கும்பிடுங்க, கூடவே மாத்திரையும் சாப்பிடுங்க, ஒண்ணுக்கு ஒண்ணு பகை இல்ல. தினமும் உடம்ப மெதுவா குளிப்பாட்டலாம், அழுக்கு நகத்தால சொறிஞ்சா சீழ் பிடிக்கும், நகத்த வெட்டி விடுங்க. காய்ச்சலுக்கு பனடோல் (பாராசிட்டமால்) மட்டும். ஆஸ்பிரின் பிள்ளைங்களுக்கு கொடுக்கவே கூடாது, ரெய்ஸ்னு ஈரலையும் மூளையையும் தாக்குற கோளாறு வரக்கூடும். இபுப்ரோஃபென் வகையும் சின்னம்மையில வேணாம், தோல்ல கிருமி ஏறி மோசமாக வாய்ப்பிருக்கு, டிங்கியில ரத்தக்கசிவு ஆபத்து, ஃபார்மசியில கேட்டு வாங்குங்க.

அதோட சின்னம்மை இறங்கின பிறகும் வைரஸ் உடம்ப விட்டு போறது இல்ல. தட்டம்மை, ஃப்ளூ, டிங்கி எல்லாம் வந்து போயிடும். இது நரம்போட வேர் முடிச்சுல போய் படுத்துக்கும், நாப்பது அம்பது வருஷம் கழிச்சு வயசாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது ஒரு பக்கமா பட்டையா எரிச்சலோட கொப்புளமா எழும்பும். நாம அக்கின்னு சொல்வோம், மலாய்க்காரங்க கயாப்னு சொல்வாங்க. அந்த வலி சில பேருக்கு மாசக்கணக்குல நிக்கும், சட்ட துணி பட்டாலே துடிச்சுப் போவாங்க. அக்கி கொப்புளத்து நீர் பட்டா சின்னம்மை வராத பிள்ளைக்கு சின்னம்மை வரும், அதனால அக்கி வந்த தாத்தா பாட்டிங்க காயுற வரைக்கும் அந்த இடத்த துணியால மூடி வெச்சு பேரப்பிள்ளைய தூக்கினா நல்லது.

தடுப்பூசிய ஜப்பான்ல டாக்டர் தகாஹாஷி 1974ல செஞ்சார், இன்னைக்கும் உலகத்துல போடுறது பெரும்பாலும் அவர் எடுத்த ஓக்கா வகை வைரஸ்லேருந்து வந்ததுதான். அமெரிக்காவுல ஊசி வர்றதுக்கு முன்ன வருஷத்துக்கு சுமார் 40 லட்சம் பேருக்கு சின்னம்மை வந்து, பத்தாயிரத்துக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்து, 100லேருந்து 150 பேர் வரைக்கும் செத்தாங்க, 1995ல ஊசி ஆரம்பிச்ச பிறகு அது அப்படியே சரிஞ்சு போச்சு. ரெண்டு டோஸ் போடணும், ஒரு வயசுக்கு மேல ஆரம்பிக்கலாம். ஒரு டோஸே ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு மேல தடுக்கும், ரெண்டு போட்டா 90க்கு மேல. கர்ப்பமா இருக்கும்போது போடக்கூடாது, அதனால கல்யாணம் நிச்சயமான பொண்ணுங்க, பாலர் பள்ளி டீச்சருங்க, சின்னம்மை வந்த ஞாபகம் இல்லாதவங்க, முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டு போட்டுக்கிறது ரொம்ப நல்லது. காசு எல்லாராலயும் முடியாதுன்னு எனக்கு தெரியும். கோயில் நிதியில வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு பள்ளி பேக்கு, நோட்டு கொடுக்குறீங்க, மனசார பாராட்டுறேன், அதே நிதியில வசதி இல்லாத வீட்டு பாலர் பள்ளி உதவியாளருங்களுக்கு இந்த ஊசிக்கு ஒரு தொகை ஒதுக்க முடியுமான்னு பாருங்க.

நான் கேக்குறது ரொம்ப பெரிய வேலை இல்ல. 2020 மார்ச் 18ல எம்சிஓ, அதாவது கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, போட்டப்போ இதே ஊர்ல இதே வாட்சப் குரூப்புங்கள்ல எந்த கடையில கோவிட் கேஸ், எந்த தேதியில யார் போனாங்கன்னு மணிக்கணக்குல சேதி போச்சே. அன்னைக்கு முடிஞ்சது இன்னைக்கும் முடியும். ஒவ்வொரு பள்ளியிலயும், ஒவ்வொரு கோயில்லயும் ஒரு பொறுப்பாளர், முடிஞ்சா ஒரு பொம்பள ஆளா இருக்கட்டும், அம்மாங்க அவங்ககிட்டதான் மனசு விட்டு சொல்வாங்க. அவங்ககிட்ட சொன்னா பேரு வெளிய போகாதுங்கற உறுதிய தலைவரே எழுத்துல கொடுக்கணும். பிறகு குரூப்புல இப்படி ஒரு சேதி போட்டா போதும்: "இரண்டாம் ஆண்டு வகுப்புல ஒரு மாணவருக்கு சின்னம்மை. கொப்புளம் தெரிஞ்ச தேதி இது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியிலேருந்து அந்த வகுப்புல இருந்தவங்க வீட்டுல கர்ப்பிணிங்க, சின்னம்மை வராத பெரியவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க இருந்தா இன்னைக்கே கிளினிக்குக்கு போங்க. மத்த பிள்ளைங்கள 21 நாள் வரைக்கும் கவனிங்க." பொருக்கு தட்டி பிள்ளை திரும்பி வந்தா அத யாரும் ஒதுக்கக்கூடாது, அந்த நேரத்துல அது யாருக்கும் பரப்பாது, இதையும் டீச்சருங்க வகுப்புல சொல்லணும்.

கோயில் பெரியவங்களுக்கு தனியா ஒரு வேண்டுதல். ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ, திருவிழாவுல மைக்ல அறிவிப்பு செய்றப்போ, வீட்டுல அம்மை போட்டிருந்தா சொல்றது குத்தம் இல்ல, சொன்னாதான் அடுத்த வீட்டு கர்ப்பிணிய காப்பாத்துறீங்கன்னு உங்க வாயால நாலு வார்த்தை சொல்லுங்க. நான் கிளினிக்ல ஆயிரம் தடவை சொல்றத விட நீங்க சன்னதிக்கு முன்னாடி ஒரு தடவை சொன்னா ஜனங்க கேப்பாங்க.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல இத ஒரு விஷயமா வைங்க. அம்மாங்களுக்கு படம் காட்டி எது என்ன பொறின்னு விளக்கணும்னா நான் வர்றேன், பிள்ளைங்களோட கிளினிக் புக்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க, எம்எம்ஆர் ரெண்டு ஊசியும் போட்டிருக்கான்னு அங்கயே உக்காந்து பார்த்துடலாம், விட்டுப்போனவங்கள கிளினிக்குக்கு அனுப்பிடலாம். தேதிய மட்டும் சொல்லி விடுங்க.

இப்படிக்கு,
உங்க ஊர்ல பொறந்து வளந்த, ரிட்டாயரான ஒரு மிஸ்ஸி
சுங்கை சிப்புட், பேரா